அச்சிட்ட ஆர்கானிக் டிரான்சிஸ்டர் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

இன்க்ஜெட்டில் அச்சிட்ட ஆர்கானிக் (கார்பன் சேர்மத்தால் ஆன) டிரான்சிஸ்டர் வேலை செய்யவில்லை என்றால் ஆய்வகத்தில் முதலில் திட்டு வாங்குவது குறைகடத்தி மைதான். "இந்த லாட் சரியில்லை" என்று சொல்லிப் புது பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். புது பாட்டில் வந்து சேர்வதற்குள் பழுது வேறு இடத்தில் இருந்தது தெரியவரும். அளக்கும் ஊசி, அது தொடும் உலோகத் திட்டான பேட், வெள்ளிக் கோடு, மின்காப்பு அடுக்கு, மை காய்ந்த விதம் என்று இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் பெரும்பாலும் போய் நிற்கும். அதனால் இங்கே வரிசை இப்படி: காசு செலவில்லாத சோதனை முதலில், மை கடைசியில்.

எல்லாவற்றையும் ஒரே அமைப்பை வைத்துச் சொல்கிறேன். 125 மைக்ரோமீட்டர் தடிமனான பிஇஎன் என்ற பிளாஸ்டிக் பிலிம். அதன்மேல் வெள்ளி நானோதுகள் மையில் அச்சிட்ட கேட், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை. அதன்மேல் குறுக்கிணைப்பு செய்த (மூலக்கூறுச் சங்கிலிகளைப் பிணைத்த) பிவிபி என்ற பாலிமர் மின்காப்பு அடுக்கு, சுமார் 400 நானோமீட்டர். பிறகு வெள்ளியில் சோர்ஸ், டிரெயின், அதாவது மின்னோட்டம் நுழையும் முனையும் வெளியேறும் முனையும்; இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் சேனல். அந்த முனைகளின்மேல் பிஎஃப்பிடி என்ற தயோல் பூச்சு. கடைசியாக டிப்ஸ்-பென்டசீன் என்ற குறைகடத்தி. பாலிமர் குறைகடத்தி வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

## அளக்கத் தொடங்கும் முன்

கேட் மின்னோட்டத்தையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். டிரெயின் மின்னோட்டத்தை மட்டும் வரைந்து வைத்துக்கொண்டு "என்ன கோளாறு?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. கீழே உள்ள கிளைகளில் பாதி அந்த இரண்டாவது வளைவைப் பார்த்துத்தான் பிரிகிறது.

கையில் ஒரு ஒப்பீட்டுச் சில்லு இருக்கட்டும். 300 நானோமீட்டர் ஆக்சைடு உள்ள சிலிக்கான் துண்டில் அதே மையை விட்டுக் காயவைத்த ஒன்று போதும். அது ஓடுகிறது, பிலிமில் உள்ளது ஓடவில்லை என்றால் மையைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டுமே ஓடவில்லை என்றால் மை, கருவி, கேபிள் மூன்றையும் சந்தேகப்படலாம்.

எவ்வளவு மின்னோட்டம் வரவேண்டும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மின்காப்பு அடுக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 9 நானோஃபாரட் கொள்ளளவு வரும். சேனல் அகலம் 1000 மைக்ரோமீட்டர், நீளம் 50 மைக்ரோமீட்டர், மொபிலிட்டி (மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்ற அளவு) 0.1 செமீ²/வோல்ட்-நொடி, கேட் மின்னழுத்தம் திரெஷோல்டை (டிரான்சிஸ்டர் திறக்கத் தொடங்கும் மின்னழுத்தத்தை) தாண்டி 30 வோல்ட் என்று வைத்தால் சாச்சுரேஷனில், அதாவது டிரெயின் மின்னழுத்தத்தைக் கூட்டியும் மின்னோட்டம் ஏறாத நிலையில், சுமார் 8 மைக்ரோஆம்பியர். 80 நானோஆம்பியர் வந்தால் அது "கொஞ்சம் குறைவு" இல்லை, நூறு மடங்கு குறைவு.

அப்புறம், மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு அளங்கள். டிப்ஸ்-பென்டசீன் ஒளிக்கு நன்றாகவே எதிர்வினை காட்டும்.

## அறிகுறி 1: மின்னோட்டமே வரவில்லை

திரையில் பைக்கோஆம்பியர் இரைச்சல் மட்டும்தான் தெரிகிறது என்றால் இந்த வரிசையில் போங்கள்.

குறி சரியா? டிப்ஸ்-பென்டசீன் பி-வகை, அதாவது அதில் ஓடுவது நேர்மின்னூட்டம். கேட்டுக்கும் டிரெயினுக்கும் நெகட்டிவ் கொடுத்தால்தான் ஓடும். சிலிக்கான் என்-வகையை அளந்த பழைய நிரலை அப்படியே ஓட்டினால் தட்டையான கோடுதான் கிடைக்கும். சிரிக்க வேண்டாம், புதிதாக வருபவர்கள் மட்டும் செய்யும் தவறில்லை இது.

ஊசி உலோகத்தைத் தொடுகிறதா? ஒரே பேடில் இரண்டு ஊசிகளை இறக்கித் தடையை அளங்கள். சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை என்றால் சரி. மெகா ஓம் காட்டினால் ஊசி முனையில் பழைய வெள்ளிப் பிசிறோ பாலிமரோ ஒட்டியிருக்கும். ஐசோபுரோப்பனாலில் துடையுங்கள்.

கேட் பேடின்மேல் பிவிபி மூடியிருக்கிறதா? ஸ்பின் பூச்சில் மின்காப்பு அடுக்கு கேட் பேடையும் சேர்த்து மூடிவிடும். குறுக்கிணைப்புக்கு முன்பே ஓரத்தைக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் வேலை சுலபம். பிறகென்றால் ஊசியால் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

கோடு அறுந்திருக்கிறதா? கேட் கோட்டின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் வையுங்கள். திறந்த சுற்று என்றால் ஒரு நாசில் நடுவில் நின்றுபோன இடத்தை மைக்ரோஸ்கோப்பில் தேடுங்கள். தொடர்ச்சி இருந்தும் தடை கிலோ ஓம் கணக்கில் இருக்கிறதென்றால் வெள்ளி சரியாக வேகவில்லை. நானோதுகள் மை காய்ந்து பளபளப்பாகத் தெரிந்தாலே சின்டரிங் (துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டுவது) முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மை தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் இன்னொரு 30 நிமிடம் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஹாட்பிளேட் காட்டும் எண்ணும் பிலிமின் மேற்பரப்பு வெப்பமும் ஒன்றல்ல, அதுவும் பிலிம் ஓரத்தில் சுருண்டு எழும்பி நின்றால் சொல்லவே வேண்டாம்.

சேனலில் குறைகடத்தி இருக்கிறதா? குறுக்கு போலரைசர்களுக்கு நடுவே மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். டிப்ஸ்-பென்டசீன் படிகங்கள் நிறம் நிறமாக ஒளிரும். சேனல் இருட்டாகவும் பக்கத்துப் பேட் ஒளிர்ந்தும் இருந்தால் மை சேனலை விட்டு விலகி உலோகத்தின்மேல் போய்க் காய்ந்திருக்கிறது. அறிகுறி 4-க்குப் போங்கள்.

அடுக்குகள் ஒன்றுக்கொன்று விலகியிருக்கின்றனவா? கேட்டின்மேல் சோர்ஸ், டிரெயின் இரண்டும் ஏறி நிற்க வேண்டும். கேட் ஒரு பக்கம் எட்டாமல் போனால் சேனலின் அந்தத் துண்டு எப்போதும் அணைந்தே இருக்கும். வெள்ளியைச் சின்டர் செய்யும்போது பிலிம் சுருங்கியதுதான் பொதுவான காரணம். இன்னொரு பிளாஸ்டிக்கான பிஇடி சுமார் 75 டிகிரியிலும் பிஇஎன் சுமார் 120 டிகிரியிலும் இளகத் தொடங்கும். அதற்கு மேல் சூடாக்குவதாக இருந்தால் எதையும் அச்சிடும் முன்பே வெறும் பிலிமை அதே வெப்பத்தில் வைத்து, சுருங்க வேண்டியதைச் சுருங்க விட்டுவிடுங்கள்.

ஒப்பீட்டுச் சில்லிலும் மின்னோட்டம் இல்லை, கேபிள் மாற்றியும் இல்லை என்றால் தெரிந்த மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரை ஊசிகளுக்கு நடுவே வைத்து அளங்கள். அதையும் தப்பாகக் காட்டினால் கருவியை அளவுத்திருத்தம் செய்ய ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். எல்லா வளைவும் ஒரே மதிப்பில், உதாரணமாக 1 மைக்ரோஆம்பியரில், கத்தரித்தது போல நின்றால் மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம். அது கருவியில் வைத்திருக்கும் கம்ப்ளையன்ஸ் வரம்பு, அதற்கு மேல் மின்னோட்டத்தைக் கருவி விடாது.

## அறிகுறி 2: அணையவே மாட்டேன் என்கிறது

கேட்டைப் பாசிட்டிவ் பக்கம் கொண்டு போனாலும் டிரெயின் மின்னோட்டம் இறங்கவில்லை. முதலில் கேட் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

### கேட் மின்னோட்டமும் அதே அளவுக்கு உயர்ந்திருக்கிறது

இது மின்காப்பு அடுக்கின் கசிவு. இதில் நான்கு சந்தேகங்கள், மலிவானதிலிருந்து.

ஊசி. பிவிபி மென்மையானது. பேடுக்குக் கீழே கேட் உலோகம் ஓடினால் ஊசியை அழுத்தும்போது அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடும். முதல் தொடுதலில் நன்றாக இருந்து, இரண்டாவது தொடுதலில் கசிந்தால் இதுதான். பேடைக் கேட்டிலிருந்து தள்ளி வரையுங்கள். அதுவரை ஊசியில் மெல்லிய தங்கக் கம்பியைச் சுற்றித் தொடலாம்.

குறைகடத்தி பரவியிருத்தல். சொட்டு தன் எல்லையைத் தாண்டிப் பரவிப் பக்கத்துக் கேட் பேடையோ பக்கத்து டிரான்சிஸ்டரையோ தொட்டிருந்தால் கசிவு போலவே தெரியும். கூர்மையான ஊசியால் டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரு கட்டம் கீறிவிட்டு மறுபடி அளங்கள். மின்னோட்டம் சட்டென்று இறங்கினால் மின்காப்பு அடுக்கின்மேல் பழி போட வேண்டாம்.

வெள்ளிக் கோட்டின் ஓரம். இன்க்ஜெட் கோடு காயும்போது ஓரங்களில் வரப்பு போல மேடு கட்டும். நடுவில் 100 நானோமீட்டர் இருக்கும் கோட்டின் ஓரம் அதைப் போலப் பல மடங்கு உயர்ந்திருந்தால் 400 நானோமீட்டர் அடுக்கு அங்கே மெலிந்துபோகும். மேடுபள்ளம் அளக்கும் புரொஃபைலோமீட்டரில் ஒரு குறுக்குக் கோடு ஓட்டினாலே தெரிந்துவிடும். அச்சிடும் தளத்தின் சூட்டைக் குறைத்தால் வரப்பு குறையும். அதுவும் போதவில்லை என்றால் மின்காப்பு அடுக்கை இரண்டு தடவையாகப் பூசுங்கள். முதல் பூச்சின் ஊசித்துளைக்கு நேராக இரண்டாவதின் ஊசித்துளை வருவது அரிது.

குறுக்கிணைப்பு முடியாமல் இருத்தல். மெலமைன் வகைக் குறுக்கிணைப்பியோடு பிவிபிக்கு வழக்கமாக 175 முதல் 200 டிகிரி வேண்டும். பிஇஎன் பிலிமைக் காப்பாற்ற வெப்பத்தைக் குறைத்திருப்பீர்கள், ஆனால் நேரத்தைக் கூட்டியிருக்க மாட்டீர்கள். சோதனை எளிது. ஐசோபுரோப்பனாலில் நனைத்த பஞ்சால் ஓரத்தை ஒரு தேய் தேயுங்கள். அடுக்கின் நிறம் மாறினாலோ கையோடு வந்தாலோ வேகவில்லை. அதன்மேல் அச்சிடும் மையின் கரைப்பான் உள்ளே போய் ஊதவைத்திருக்கும்.

குறைகடத்தியே இல்லாமல், கேட், மின்காப்பு அடுக்கு, மேல் உலோகம் மட்டும் உள்ள வெவ்வேறு பரப்பளவுக் கெபாசிட்டர்களை எப்போதும் அதே பிலிமில் அச்சிட்டு வையுங்கள். பரப்புக் கூடக் கூடக் கசிவும் சீராகக் கூடினால் அடுக்கே மோசம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிந்தால் தூசி. தூசி என்றால் பூச்சுக் கரைசலை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டுங்கள், லேமினார் ஓட்ட மேடையின் வடிகட்டியைப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கசிந்தால் ஆவிநிலையில் படியும் பாரிலீன் பூச்சுக்கு மாறலாம். அந்தக் கருவி உள்ள இடத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டியிருக்கும், செலவும் அதிகம். ஆனால் ஊசித்துளைத் தொல்லை ஏறக்குறைய ஒழியும்.

### கேட் மின்னோட்டம் தாழ்ந்தே இருக்கிறது

டிரெயின் மின்னழுத்தத்தை 0-விலிருந்து 1 வோல்ட் வரை மட்டும் ஓட்டுங்கள். நேர்கோடாக வந்து, கேட்டை எப்படித் திருப்பினாலும் அசையாமல் இருந்தால் சோர்ஸும் டிரெயினும் எங்கோ ஒட்டியிருக்கின்றன. வெள்ளிச் சொட்டோடு கூட வரும் குட்டிச் சொட்டுகள் சேனலில் விழுந்து பாலம் போட்டிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணுக்கே தெரியும்.

கேட்டுக்கு அசைகிறது, ஆனால் 0 வோல்ட்டிலும் மின்னோட்டம் நிறைய ஓடுகிறது என்றால் திரெஷோல்ட் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்திருக்கிறது. கேட்டை +20 வரை கொண்டு போய்ப் பாருங்கள், அங்கே அணையலாம். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பி-வகைப் பொருளைத் தானாகவே டோப் செய்துவிடும், அதாவது கூடுதல் மின்னூட்டத்தை ஏற்றிவிடும். பி3எச்டி என்ற பாலிமர் குறைகடத்தி வைத்திருப்பவர்களுக்கு இது தினசரி விருந்தாளி. வேக்கம் அவனில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, காற்றுப் படாமல் அளந்தால் இறங்கிவிடும். இறங்கினால் பொருள் கெடவில்லை, காற்றுப் புகாத மூடிதான் வேண்டும்.

## அறிகுறி 3: அவுட்புட் வளைவு தொடக்கத்தில் நெளிகிறது

டிரெயின் மின்னழுத்தம் 0-வை விட்டுக் கிளம்பும்போது மின்னோட்டம் உடனே நேராக ஏறாமல், கொஞ்சம் தயங்கி, பிறகு வளைந்து ஏறுகிறது. சேனல் தயாராக இருந்தும் சோர்ஸிலிருந்து மின்னூட்டம் உள்ளே நுழையத் திணறுகிறது.

முதலில் பிஎஃப்பிடி பூச்சைச் சந்தேகப்படுங்கள். வெறும் வெள்ளியின் வேலைச்சார்பு (எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவைப்படும் ஆற்றல்) டிப்ஸ்-பென்டசீனுக்குப் போதாது. அந்தத் தயோல்தான் அதை உயர்த்திக் கொடுக்கிறது. எத்தனாலில் கலந்த கரைசல் பழையதா? முக்கி எடுத்தபின் சுத்தமான எத்தனாலில் கழுவினீர்களா? பூசிவிட்டு மறுநாள்வரை காற்றில் விட்டீர்களா? புதிதாகக் கரைசல் செய்து, பூசிய அன்றே குறைகடத்தியை அச்சிட்டுப் பாருங்கள். நாற்றம் அடிக்கும் பொருள், ஃப்யூம் ஹுட்டுக்கு உள்ளேயே வேலையை முடியுங்கள்.

அடுத்து, யுவி-ஓசோனில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? தங்கத்துக்குப் பழகிய 15, 20 நிமிடத்தை வெள்ளிக்கும் வைத்தால் மேற்பரப்பு ஆக்சைடாகிக் கறுத்துப்போகும். வெள்ளிக்குக் குறைவாகப் போதும்.

இவை சரி என்றால் தொடுதடையை, அதாவது உலோகமும் குறைகடத்தியும் சந்திக்கும் இடத்தின் தடையை, அளங்கள். ஒரே அகலத்தில் 20, 50, 100, 200 மைக்ரோமீட்டர் நீளச் சேனல்கள் வேண்டும். மொத்தத் தடையை நீளத்துக்கு எதிராக வரைந்து, நீளம் 0-வுக்கு நீட்டினால் மிஞ்சுவது தொடுதடை. 50 மைக்ரோமீட்டர் சேனலின் மொத்தத் தடையில் பாதி தொடுதடையே என்றால் நீங்கள் அளந்த மொபிலிட்டி எண்ணுக்கு மதிப்பில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தொடுதடை எப்போதும் மொபிலிட்டியைக் குறைத்தே காட்டும் என்று நினைக்க வேண்டாம். மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைக் கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் சில டிரான்சிஸ்டர்களில் முதலில் செங்குத்தாக ஏறி, நடுவில் முறிந்து, பிறகு சாய்வாகப் போகும். செங்குத்தான பகுதியில் கணக்குப் போட்டால் மொபிலிட்டி பல மடங்கு பெரிதாக வரும். 2016-இல் மெக்கலக், சாலியோ, சாபினிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வெளிப்படையாகவே எழுதி எச்சரித்தார்கள். முறிவு தெரிந்தால் அந்த எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள், தொடுதலைச் சரிசெய்யுங்கள்.

புதுப் பூச்சிலும் நெளிவு போகவில்லை என்றால் வேலைச்சார்பை நேரடியாக அளக்கக் கெல்வின் புரோப் அல்லது யுபிஎஸ் (புறஊதா ஒளியெலக்ட்ரான் நிறமாலைக் கருவி) வேண்டும். அது பொதுக் கருவி மையத்துக்குப் போகும் வேலை. பூசிய மாதிரி, பூசாத மாதிரி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் அனுப்பினால் வரும் எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி 4: ஒரே பிலிமில் ஒன்று ஓடுகிறது, பக்கத்தில் உள்ளது படுத்துவிட்டது

அதிக நேரத்தைத் தின்னும் கோளாறு இதுதான். ஒரு டிரான்சிஸ்டரில் மொபிலிட்டி 0.3, அதை ஒட்டியே உள்ளதில் 0.005. அறுபது மடங்கு வித்தியாசம். வாங்கிய மையும் ஒன்று, அச்சிட்ட கையும் ஒன்று. மாறியது சொட்டு காய்ந்த விதம் மட்டும்.

எல்லாச் சேனல்களையும் குறுக்கு போலரைசரில் படம் எடுத்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் மின்னோட்டத்தை எழுதி வரிசைப்படுத்துங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதி விடை கிடைத்துவிடும். படங்கள் கீழ்க்கண்ட ஏதாவது ஒரு குடும்பத்தில் விழும்.

### ஓரத்தில் வளையம், நடுவில் வெறுமை

தரையில் சிந்திய காபி காய்ந்த கறை போல இருக்கும். பெயரும் அதுதான், காபி வளையம். சொட்டின் ஓரம் வேகமாக ஆவியாவதால் உள்ளிருக்கும் திரவம் ஓரத்துக்கு ஓடி, கரைந்த பொருளை அங்கே கொண்டு போய்க் கொட்டுகிறது. தனிக் கரைப்பானில் மை செய்தால் இதைத் தவிர்ப்பது கஷ்டம்.

செலவில்லாத வழி, தளத்தின் சூட்டைக் குறைப்பது. 60 டிகிரியில் வைத்திருந்தால் 30-க்கு இறக்கிப் பாருங்கள். அதற்கடுத்தது கரைப்பானில் கலவை: குளோரோபென்சீனோடு கால் பங்கு டோடெக்கேன் சேர்ப்பது டிப்ஸ்-பென்டசீனுக்கு நன்றாகத் தெரிந்த வழி. குளோரோபென்சீன் 131 டிகிரியில் கொதிக்கும், டோடெக்கேன் 216-இல். ஓரத்தில் டோடெக்கேன் மிஞ்சி, பரப்பு இழுவிசை அங்கே குறைவதால், மேற்பரப்பில் ஓட்டம் நடுவை நோக்கித் திரும்புகிறது. வெளியே போகும் ஓட்டத்தை அது ஈடுகட்டிவிடும். டோடெக்கேனில் டிப்ஸ்-பென்டசீன் அவ்வளவாகக் கரையாது, அதனால் விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனால் நாசிலிலேயே படிகம் கட்டும்.

### படிகங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் தாறுமாறான திசையில்

ஒரு சேனலில் படிகம் சோர்ஸிலிருந்து டிரெயினுக்கு நீண்டு கிடக்கும், பக்கத்தில் குறுக்கே கிடக்கும். கண்ணுக்கு இரண்டுமே அழகு, மின்னோட்டத்துக்கு அப்படியில்லை. மூன்று வழிகள் உண்டு. சொட்டுகளைச் சேனலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே திசையில் வரிசையாக அச்சிடுவது. பிலிமை ஒரு பக்கம் இலேசாகச் சாய்த்துக் காயவிடுவது. அல்லது மையில் பாலிஸ்டைரீன் போன்ற சாதாரணப் பாலிமரைக் கலப்பது. மூன்றாவதில் உச்சபட்ச மொபிலிட்டி கொஞ்சம் குறையலாம், ஆனால் டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் வித்தியாசம் நன்றாகக் குறையும். டிஸ்பிளே செய்ய நினைப்பவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பேனலுக்கு வேண்டியது ஒரே ஒரு சாதனை டிரான்சிஸ்டர் இல்லை, ஒரே மாதிரியான ஆயிரம் டிரான்சிஸ்டர்கள்.

### மை சேனலை விட்டு ஓடிவிட்டது

பிஎஃப்பிடி பூசிய உலோகத்துக்கும் பிவிபிக்கும் ஈரப்படும் தன்மை வேறு. மை எது தனக்குப் பிடிக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சேனலைச் சுற்றி ஃபுளோரின் பாலிமரில் ஒரு கரை கட்டி, அதற்குள் மையை விடுவது நிலையான தீர்வு. அவசரத்துக்கு, சொட்டுகளின் இடைவெளியைக் குறைத்து, முதல் சொட்டு காயும் முன் அடுத்தது விழும்படி செய்யுங்கள்.

### படிகத்தில் நெடுகக் கீறல் போன்ற விரிசல்

இதற்கு ஒரே கேள்விதான்: எத்தனை டிகிரியில் அனீல் செய்தீர்கள், அதாவது அச்சிட்டபின் சூட்டில் வைத்தீர்கள்? டிப்ஸ்-பென்டசீன் படிகம் சுமார் 124 டிகிரியில் வேறு அமைப்புக்கு மாறி விரிசல் விடும். 100-க்குக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள்.

### படம் ஒன்று போலவே இருக்கிறது, மின்னோட்டம் மட்டும் வேறு

இப்போதுதான் மை, அடுக்குகளுக்கு இடைப்பட்ட பரப்பு ஆகியவற்றின் முறை. மேற்பரப்பைப் பார்க்க ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி), படிக அடுக்கைப் பார்க்கச் சாய்கோண எக்ஸ்-கதிர்ச் சிதறல். மறுபடியும் பொதுக் கருவி மையம். ஆனால் மேலே உள்ள நான்கு குடும்பங்களையும் தள்ளிவிட்ட பிறகு.

## அறிகுறி 5: சொட்டு விழவில்லை, அல்லது கோணலாக விழுகிறது

ஆய்வகங்களில் பரவலாக உள்ள டிமாட்டிக்ஸ் வகை இன்க்ஜெட் இயந்திரத்தை வைத்துச் சொல்கிறேன். அது எதிர்பார்ப்பது 10 முதல் 12 சென்டிபாய்ஸ் பிசுபிசுப்பு. டிப்ஸ்-பென்டசீன் மை அதைவிட நீர்த்தே இருக்கும். ஆகவே மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் சொட்டுக்குப் பின்னால் வாலும் குட்டிச் சொட்டுகளும் வரும். கேமராவில் வால் தெரிந்தால் மின்னழுத்தத்தைக் குறையுங்கள்.

ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் பர்ஜ் (நாசில் வழியாக மையை அழுத்தித் தள்ளுவது), பிறகு துடைப்பட்டையில் ஒற்றுதல், பிறகு சில நிமிடம் காத்திருந்து மறுபடி பர்ஜ். கோணலாகப் போனால் நாசில் தட்டின்மேல் மை ஈரம் தேங்கியிருக்கிறது. ஒற்றி எடுத்தால் நேராகும். திரும்பத் திரும்ப அடைத்தால் மையை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிகட்டி, கொதிநிலை அதிகமான கரைப்பானுக்கு மாற்றுங்கள். டொலுயீன் 111 டிகிரியில் ஆவியாகும், நாசில் வாயிலேயே காய்ந்துவிடும். டெட்ராலின் 207 டிகிரி, பொறுமையாக இருக்கும். வெள்ளி மைக் கார்ட்ரிட்ஜை ராத்திரி இயந்திரத்தில் விட்டுவிட்டுப் போனால் காலையில் புதிது வாங்க வேண்டியதுதான்.

புதுக் கார்ட்ரிட்ஜில், தயாரிப்பாளரின் சோதனைத் திரவத்திலும் பல நாசில்கள் வேலை செய்யவில்லை என்றால் அது மின்னணுத் தொடர்பு. இயந்திரத்தைத் திறக்காமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: போகும்போது ஒரு வளைவு, வரும்போது வேறு

கேட் மின்னழுத்தத்தை ஏற்றும்போது ஒரு மின்னோட்டமும் இறக்கும்போது வேறும் வருவதுதான் ஹிஸ்டெரிசிஸ். எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே துப்பு.

திரும்பி வரும்போது மின்னோட்டம் குறைவாக இருந்தால் சேனலை ஒட்டி மின்னூட்டம் சிறைப்பட்டிருக்கிறது. மின்காப்பு அடுக்கின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதும் மெல்லிய ஃபுளோரின் பாலிமரையோ பாலிஸ்டைரீனையோ இடையில் பூசுவதும் உதவும்.

திரும்பி வரும்போது அதிகமாக இருந்தால் மின்காப்பு அடுக்குக்குள் ஏதோ மெதுவாக நகர்கிறது. பிவிபியில் குறுக்கிணையாமல் மிஞ்சிய ஹைட்ராக்சில் குழுக்களும் அவை குடித்துவைத்திருக்கும் தண்ணீரும்தான் வழக்கமான குற்றவாளிகள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊரில் ஏசி நின்ற அறையில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். காலையில் அளந்த பிலிமை மத்தியானம் அளந்தால் வேறு டிரான்சிஸ்டர் போல இருக்கும். வெற்றிடத்திலோ நைட்ரஜனிலோ அளந்து பாருங்கள். விலகல் சுருங்கினால் தண்ணீர்தான், பிலிமைச் சூடாக்கி உலர்த்தி மேலே மூடியிடுங்கள். சுருங்கவில்லை என்றால் குறுக்கிணைப்பியின் அளவைக் கூட்டுங்கள்.

## அறிகுறி 7: நேற்று ஓடியது, இன்று மந்தம்

மை பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். டிப்ஸ்-பென்டசீன் கரைசல் ஆழ்ந்த நீலம். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து பட்டால் நிறம் வெளுத்துக்கொண்டே போகும். வெளுத்த மையை மீட்க வழியில்லை. பழுப்பு பாட்டில், அதைச் சுற்றி அலுமினியத் தாள், நைட்ரஜன்: இந்த மூன்றும் புது மையைவிட மலிவு.

மை நீலமாகவே இருக்க, டிரான்சிஸ்டர் மட்டும் மந்தமாகிவிட்டது என்றால் எவ்வளவு நேரம் மின்னழுத்தத்தில் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். நெகட்டிவ் கேட்டில் நீண்ட நேரம் நின்ற பி-வகையின் திரெஷோல்ட் இன்னும் நெகட்டிவ் பக்கம் நகரும். ராத்திரி முழுக்க இருட்டில் ஓய்வு கொடுத்தபின் பெரும்பகுதி திரும்பி வந்தால் அது சேதமில்லை, சோர்வு. வராவிட்டால் ஈரமோ ஆக்சிஜனோ உள்ளே நுழைகிறது. குளோவ் பாக்ஸுக்குள்ளேயே வைத்திருந்தும் இப்படி என்றால் அதன் ஆக்சிஜன் சென்சாரை நம்பாதீர்கள். கசிவு பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 8: வளைத்ததும் போய்விட்டது

பிலிமின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் மேற்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்று ஏறக்குறையக் கிடைக்கும். 125 மைக்ரோமீட்டர் பிலிமை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 1.25 சதவீதம். 25 மைக்ரோமீட்டர் பிலிமில் அதே வளைவுக்கு 0.25. பல தடவை குறைகடத்தியைக் குற்றம் சொல்லும் முன் மெல்லிய பிலிமுக்கு மாறினாலே பிரச்சினை காணாமல் போகும். 2010-இல் சோனி காட்டிய 4.1 அங்குல ஓஎல்இடி டிஸ்பிளே ஆர்கானிக் டிரான்சிஸ்டர்களால் ஓடியது. 80 மைக்ரோமீட்டர் தடிமன், 4 மில்லிமீட்டர் ஆரத்தில் சுருட்ட முடிந்தது.

வளைத்தபடியே முதலில் கேட் கோட்டின் தடையை அளங்கள். அது எகிறினால் வெள்ளி விரிசல் விட்டிருக்கிறது, டிரான்சிஸ்டர் நன்றாகவே இருக்கலாம். கோடு சரி, கேட் கசிவு எகிறுகிறது என்றால் மின்காப்பு அடுக்கில் விரிசல். இரண்டும் சரி, மின்னோட்டம் மட்டும் குறைந்து, நிமிர்த்தியதும் திரும்புகிறது என்றால் அது பழுதே இல்லை. அதே தடிமனுள்ள இன்னொரு பிலிமை மேலே ஒட்டி டிரான்சிஸ்டரை, வளைத்தாலும் நீளாமல் சுருங்காமல் இருக்கும் நடுத்தளத்துக்குக் கொண்டு வந்தால் அந்த மாற்றமும் அடங்கும்.

## அறிகுறி 9: பேனலில் கோடு, புள்ளி, மங்கல்

மின்தாள் (இ-பேப்பர்) டிஸ்பிளேயோடு இணைத்த பேனல் என்று வைத்துக்கொள்கிறேன், 15 வோல்ட் சுற்றி ஓடுவது.

ஒரே ஒரு புள்ளி மாறவில்லை என்றால் அந்த ஒரு டிரான்சிஸ்டர், விட்டுவிடுங்கள். ஒரு வரிசை முழுவதும் மாறவில்லை என்றால் கேட் கோடு அறுந்திருக்கிறது, ஒரு நெடுவரிசை என்றால் டேட்டா கோடு. இணைப்பு முனையிலிருந்து தொடங்கி எதுவரை புள்ளிகள் மாறுகின்றன என்று பாருங்கள், அறுந்த இடம் அதற்கு அடுத்தது. வரிசையும் நெடுவரிசையும் சிலுவை போலச் சேர்ந்து போயிருந்தால் அவை சந்திக்கும் இடத்தில் மின்காப்பு அடுக்கு உடைந்திருக்கிறது. படம் எழுதியதும் சரியாக வந்து, உடனே மங்கினால் பிக்சல் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கவில்லை. அணைந்த நிலைக் கசிவு அதிகம், அறிகுறி 2-க்குத் திரும்புங்கள்.

பக்கத்து பக்கத்துப் பல கோடுகள் ஒரே ஓரத்தில் கொத்தாகப் போயிருந்தால் பேனலைத் தொடவே வேண்டாம். டிரைவர் நாடாவை ஒட்டிய இடம் விலகியிருக்கிறது. அந்த ஒட்டு, கடத்தும் துகள் கலந்த பசையை வெப்பமும் அழுத்தமும் அளந்து கொடுத்து ஒட்டியது. அதற்கென்றே உள்ள பிரஸ் இருக்கும் பட்டறைக்கோ, கான்பூர் ஐஐடியில் உள்ள நெகிழ் மின்னணுவியல் தேசிய மையம் போன்ற இடத்துக்கோ கொண்டு போங்கள். சாலிடரிங் அயர்னால் சூடு வைத்து ஒட்டப் பார்த்தால் பிஇஎன் சுருங்கி, இதுவரை நன்றாக இருந்த கோடுகளும் சேர்ந்து போய்விடும்.